பாட்டி காசா, பட்டறைக் காசா?

வெள்ளி விலை ஏற ஏற, மதுரை வட்டாரத்துச் சொம்புகளிலிருந்து பழைய ரூபாய்கள் வெளியே வருகின்றன. போலிகளும் கூடவே வருகின்றன.

மதுரை தெற்கு ஆவணி மூல வீதியில் பெரிய நகைக்கடைகளின் கண்ணாடிக் கதவுகளைத் தாண்டிப் போய் ஒரு சந்துக்குள் திரும்பினால், ஓர் ஆள் அகலத்துக்கு ஒரு பட்டறை. உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்திருந்த அந்த அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து, வேட்டித் துணியில் முடிந்து வைத்திருந்த காசுகளைப் பலகை மேல் கொட்டினார். பதினோரு வெள்ளி ரூபாய். பக்கத்தில் நின்ற மகன் செல்போனில் அன்றைய வெள்ளி விலையைத் தேடிக்கொண்டிருந்தார்.

பத்தர் ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு காசாக எடுத்துக் கட்டைவிரல் நகத்தில் வைத்துச் சுண்டினார். கண் வேறெங்கோ இருந்தது, காது மட்டும் காசில் இருந்தது. கணீரென்று இழுத்துக்கொண்டு போன சத்தம் வலப்பக்கம்; ‘டக்’ என்று நின்றுபோன சத்தம் இடப்பக்கம். ஏழு, நாலு என்று இரண்டு குவியல் ஆனது.

“இந்த நாலும் எங்கிட்டு வந்துச்சு ஆத்தா?”

“எல்லாம் எங்க மாமியா குடுத்ததுப்பா. ஒரே சொம்புலதான் கெடந்துச்சு.”

“ஏழு உங்க மாமியா குடுத்தது. நாலு யாரு போட்டது?”

மகன் செல்போனைச் சட்டைப்பையில் வைத்தார். “சித்திரைத் திருவிழாவுல தம்பி ஒருத்தன்கிட்ட வாங்கிட்டு வந்தாண்ணே. வெள்ளி ரூபாதானன்னு அம்மாதான் சொம்புல போட்டுச்சு.”

‘பரம்பரைக் காசு’ என்ற சான்றிதழ் இவ்வளவுதான். சொம்புக்குள் யார் எப்போது எதைப் போட்டார்கள் என்று சொம்பு சொல்லாது. ஊர் ஊராக இப்போது நடக்கிற பழைய வெள்ளி வியாபாரத்தில் விற்பவரும் வாங்குபவரும் முதலில் சொல்வது இந்தப் பரம்பரைக் கதையைத்தான். கடைசியாகத்தான் தராசு வருகிறது. அது முதலில் வர வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி.

திடீரென்று ஏன் இத்தனை பரபரப்பு?

2025 அக்டோபரில் உலகச் சந்தையில் வெள்ளி ஓர் அவுன்ஸ் 50 டாலரைத் தாண்டி, 1980-இன் உச்சத்தை உடைத்தது. அதே மாதம் தமிழ்நாட்டுக் கடைகளில் கிராம் விலை 200 ரூபாயைக் கடந்தது. கணக்கு எளிது. ஒரு பழைய ஆங்கிலேய ரூபாயில் சுத்த வெள்ளி 10.69 கிராம். கிராம் 200 ரூபாய் என்று வைத்தாலே, உருக்கு மதிப்பு மட்டும் 2,100 ரூபாய்க்கு மேல்.

முன்பெல்லாம் போலி தயாரிப்பவர்கள் அரிய ஆண்டுக் காசுகளைத்தான் குறிவைத்தார்கள். சாதாரண 1918-ஆம் வருடத்து ரூபாயைப் போலியாகச் செய்வது கூலிக்குக் கட்டாது. இன்று கட்டுகிறது. ஐம்பது ரூபாய்கூடப் பெறாத வெள்ளை உலோகத்தை அச்சில் அடித்து, கொஞ்சம் முலாம் பூசி, கொஞ்சம் கறுப்பேற்றி, ‘அவசரத்துக்கு விற்கிறேன், ஆயிரம் கொடுங்கள்’ என்றால் வாங்க ஆள் இருக்கிறது. பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்ற சந்தோஷத்தில் சுண்டிப் பார்க்கக்கூட மறந்துவிடுகிறோம்.

தாடி வைத்த ராஜா, தாடி இல்லாத ராஜா

கிழக்கிந்தியக் கம்பெனி 1835-இல் தன் ஆட்சிப் பகுதி முழுக்க ஒரே ரூபாயைக் கொண்டுவந்தது. எடை 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. இன்றைய கடைப் பேச்சில் 91.7 டச். நம் ஊர்ப் பெரியவர்கள் ‘ஒரு ரூபாய் எடை’ என்று மருந்துக்கும் தங்கத்துக்கும் அளவு சொன்னது இந்தக் காசை வைத்துத்தான். தோலாவும் இதே எடைதான். 1835-இலிருந்து 1939 வரை ராஜாவும் ராணியும் மாறினார்கள். எடையும் டச்சும் மாறவில்லை.

மாறியது இரண்டாம் உலகப் போரில். 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில் பாதிதான் வெள்ளி. மீதி 40 சதவீதம் செம்பு, நிக்கலும் துத்தநாகமும் ஐந்து ஐந்து. 1946, 1947-இல் வெள்ளியே இல்லை. பின்பக்கம் புலி நடக்கும் அந்தக் காசு முழு நிக்கல்; காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இந்த வரலாற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தலையைப் பார்த்தால் போதும். விக்டோரியா ராணி என்றால் 91.7. கிரீடம் இல்லாமல் தாடியோடு இருப்பவர் ஏழாம் எட்வர்ட்: 91.7. கிரீடமும் தாடியுமாக இருப்பவர் ஐந்தாம் ஜார்ஜ்: அவரும் 91.7. கிரீடம் உண்டு, தாடி இல்லை என்றால் ஆறாம் ஜார்ஜ். அவரிடம் மட்டும் உஷாராக ஆண்டைப் பார்க்க வேண்டும்.

■ பெட்டி: வீட்டுத் தராசுக்கு

ஒரு ரூபாய்: 11.66 கிராம், விட்டம் சுமார் 30.5 மி.மீ.
அரை ரூபாய்: 5.83 கிராம்
கால் ரூபாய்: 2.92 கிராம்
இரண்டணா வெள்ளி: 1.46 கிராம்

தேய்ந்த காசு கொஞ்சம் குறையும். அந்தக் காலத்து நாணயச் சட்டமே 2 சதவீதத் தேய்மானம் வரை செல்லும் என்றது, அதாவது 11.43 கிராம் வரை கவலை இல்லை. கை மாறி மாறி நன்றாக மழுங்கிய காசு அதற்கும் கீழே போகலாம். ஆனால் எழுத்தும் முகமும் கூர்மையாக இருந்து, எடை மட்டும் 10 கிராம் என்றால் அது வெள்ளியே இல்லை. 11.66-க்கு மேல் நன்றாகவே ஏறினாலும் சந்தேகம்தான். தேய்ந்த காசு கனக்காது.

ஒரு டம்ளர் தண்ணீர் போதும்

நகைக்கடையில் உரைகல் இருக்கிறது, திராவகம் இருக்கிறது, ‘மெஷின் டச்’ இருக்கிறது. வீட்டில் இருப்பது தண்ணீர். நம்மைக் கேட்டால் இந்த நான்கில் ஏமாற்றுவதற்கு மிகக் கஷ்டமானது தண்ணீர்தான்.

வேண்டியது, 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு. காசை முதலில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பாதி டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். காசைத் தையல் நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக்க முங்கும்படி தொங்கவிடுங்கள். அடியில் தொடக் கூடாது, பக்கத்தில் உரசக் கூடாது, காற்றுக் குமிழி ஒட்டியிருக்கக் கூடாது. இப்போது தராசு ஓர் எண்ணைக் காட்டும். காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் வருவது உலோகத்தின் அடர்த்தி.

11.60 கிராம் காசு, தராசு காட்டியது 1.12 என்றால் விடை 10.36. அது 91.7 டச் வெள்ளி. விடை 9.5-ஐ ஒட்டி வந்தால், 1940-களின் பாதி வெள்ளி. 8.6, 8.7 என்று வந்தால் பித்தளையோ ஜெர்மன் சில்வரோ. பெயரில்தான் சில்வர், ஜெர்மன் சில்வரில் வெள்ளி ஒரு பொட்டுகூட இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம் மட்டும்.

போலி செய்பவருக்கு இங்கேதான் சிக்கல். ஜெர்மன் சில்வரில் சரியான அளவுக்குக் காசு அடித்தால் எடை ஏறத்தாழ 9.8 கிராமில் நின்றுவிடும். எடையைச் சரிக்கட்டினால் காசு தடித்துவிடும். அசல் காசு ஒன்று கையில் இருந்தால், இரண்டையும் நிறுத்திவைத்து ஓரத்தைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். ஈயம் கலந்து அடர்த்தியை உயர்த்தலாம்தான், ஆனால் ஈயம் கலந்த காசைச் சுண்டினால் மண்கட்டி விழுந்த மாதிரி இருக்கும்.

மெஷின் டச்சைப் பற்றி ஒரு வார்த்தை. எக்ஸ்.ஆர்.எஃப். என்கிற அந்தக் கருவி மேல்பரப்பைத்தான் படிக்கிறது. உள்ளே ஆழமாகப் போகாது. கனமான வெள்ளி முலாம் பூசிய செம்புக் காசை அது ‘நல்ல வெள்ளி’ என்று அச்சடித்துக் கொடுத்துவிடக்கூடும். அந்தச் சீட்டைக் காட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். சீட்டைப் பார்த்தாலும் தராசைக் கேளுங்கள்.

காந்தமும் ஒருவழிச் சோதனைதான். ஒட்டினால் வெள்ளி இல்லை என்று உறுதி. ஒட்டாவிட்டால் ஒன்றும் உறுதியில்லை. பித்தளையும் ஒட்டாது, செம்பும் ஒட்டாது. சுண்டிப் பார்ப்பது பழகிய காதுக்கு நல்ல சோதனை. பழகாத காதுக்கு எல்லாக் காசும் கணீர்தான்.

கண்ணாடியில் தெரிவது

அசல் ரூபாய் அச்சால் அடிக்கப்பட்டது. பெரும்பாலான மலிவுப் போலிகள் வார்ப்பு. வார்ப்புக் காசின் வெற்றிடத்தில், அதாவது முகத்துக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள பகுதியில், ஊசிமுனைக் குழிகள் இருக்கும். எழுத்தின் ஓரங்கள் வழிந்த மெழுகு மாதிரி உருண்டிருக்கும். காசின் விளிம்பைச் சுற்றி, இரண்டு பாதியும் சேர்ந்த கோட்டை அரம் போட்டு மறைத்திருப்பார்கள். மறைத்த இடத்தில் வரிகள் அழிந்து வழவழப்பாகத் தெரியும்.

தேய்மானத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. கன்னம், கூந்தல், கிரீடத்தின் மேல்பகுதி என்று மேடான இடங்கள்தான் முதலில் தேயும். பள்ளத்தில் உள்ள எழுத்து கடைசி வரை நிற்கும். மேடும் பள்ளமும் ஒரே அளவுக்கு மங்கியிருந்தால், தேய்ந்த ஒரு காசைத் தாயாக வைத்து வார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இதற்கு வியாபாரிகள் வைத்திருக்கிற சோதனை இன்னும் அழகு: நான்கைந்து காசுகளை வரிசையாக வைத்துப் பார்ப்பார்கள். இரண்டு காசில் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. எந்த இரண்டு ரூபாயும் நூறு வருடம் ஒரே மாதிரி அடிபட்டிருக்க முடியாது.

கறுப்பைப் பார்த்து மயங்குகிறவர்கள் நிறைய. உண்மையான கறுப்பு பள்ளங்களில் தங்கியிருக்கும், மேடுகளில் கையின் பளபளப்பு இருக்கும். கந்தக மருந்தில் முக்கியெடுத்த கறுப்பு ஒரே சீராக இருக்கும்.

பிறகு, எழுத்து. 1876 வரை விக்டோரியா வெறும் ‘குயீன்’. 1877 முதல்தான் ‘எம்பரஸ்’. 1862 என்ற ஆண்டோடு எம்பரஸ் என்று இருந்தால் அடித்தவருக்குச் சரித்திரம் தெரியவில்லை. ஆனால் நாமும் அவசரப்பட்டு அசலைப் போலி என்று சொல்லிவிடக் கூடாது. 1835 ரூபாயில் நான்காம் வில்லியமின் எண்ணை நான்கு கோடுகளாகவே போட்டிருப்பார்கள், அது பிழையல்ல. 1862 என்ற ஆண்டை அப்படியே வைத்துக்கொண்டு 1874 வரை அடித்தார்கள். அதனால் ஊரில் 1862 காசு அதிகமாக இருப்பதும் சந்தேகத்துக்குரியதல்ல.

வெள்ளியிலேயே போலி

இதுவரை சொன்னதெல்லாம் உலோகப் போலிக்கு. இன்னொரு ஜாதி உண்டு. அது தராசிலும் தேறும், தண்ணீரிலும் தேறும். ஏனென்றால் அது நல்ல வெள்ளி. பொய்யெல்லாம் ஆண்டில்தான் இருக்கிறது.

1939-ஆம் ஆண்டு ரூபாய் இதற்குப் பேர்போனது. அடித்த காசில் மிகச் சொற்பமே வெளியே வந்தது. சேகரிப்பாளர்களிடம் அதற்கு வெள்ளி விலையைப் போலப் பல மடங்கு கிடைக்கும். பக்கத்து வீட்டில் இருப்பது 1938. எட்டை ஒன்பதாக்குவதற்குத் தேர்ந்த கைக்கு எவ்வளவு நேரமாகும்? பூதக்கண்ணாடியில் கடைசி எண்ணைச் சுற்றி மட்டும் சுரண்டல் தெரிகிறதா, அந்த எண்ணின் உயரம் மற்ற மூன்றோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு மேல் சந்தேகம் என்றால் நாணயம் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். நகை தெரிந்தவர் இங்கே உதவ மாட்டார், அவருக்கு உலோகம்தான் தெரியும்.

1911-இன் கதை கொஞ்சம் வேடிக்கை. ஐந்தாம் ஜார்ஜின் முதல் ரூபாயில் மன்னரின் அங்கியில் ஒரு குட்டி யானை உண்டு. தும்பிக்கை சரியாக அமையாமல் அது பன்றி போலத் தெரிய, எதிர்ப்பு கிளம்பியது. அடித்த சுமார் 94 லட்சம் ரூபாயில் 7 லட்சம் போல வெளியே வந்ததோடு நிறுத்தி, மீதியை உருக்கினார்கள். 1912-இல் யானை திருந்தியது. ‘பன்றி ரூபாய்’ என்று பெயர் வாங்கிய அந்தக் காசுக்குச் சேகரிப்பாளர்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். அதற்கும் போலி உண்டு என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

■ பெட்டி: ராமர் தர்பார் காசு

ஒருபக்கம் ராமர், சீதை, லட்சுமணர், அனுமன். மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, அரையணா, 1818. இப்படி ஒரு காசைக் கம்பெனி வெளியிட்டதே கிடையாது. 1616, 1717 என்ற ஆண்டுகளோடு வருவதும் இதே பட்டறைச் சரக்கு. சென்னையில் கம்பெனி தெய்வ உருவம் போட்டு அடித்தது வராகன் என்ற சின்னத் தங்கக் காசு. இதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ‘அரிசியை இழுக்கும்’ என்று சொல்லி ரைஸ் புல்லர் கும்பல்கள் கையில் எடுப்பதும் பெரும்பாலும் இந்த மாதிரிக் காசுகளைத்தான். காசு அரிசியை இழுக்காது; அரிசியில் இரும்புத்தூள் தடவி, காசில் காந்தமும் வைத்திருந்தால் இழுக்கும்.

போடி முதல் கீழடி வரை

காசைப் பரிசோதிப்பது நம் மண்ணில் புதுத் தொழில் இல்லை. சங்கப் புலவர்கள் சிலரின் பெயரோடு ‘வண்ணக்கன்’ ஒட்டியிருக்கிறது. நாணயத்தின் தரம் பார்ப்பவர் என்று பொருள். வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் பகலில் காசைச் சோதித்தாரா, அவர் முன்னோர் சோதித்தார்களா, தெரியாது. அப்படி ஒரு வேலைக்கு ஆள் தேவைப்பட்டிருக்கிறது என்பது தெரிகிறது.

அன்றைய மதுரை மாவட்டத்துப் போடிநாயக்கனூரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளி முத்திரைக் காசுகள் கிடைத்தன. பின்பக்கத்தில் மீன் சின்னம் இருந்ததால் பாண்டியரோடு தொடர்புபடுத்துகிறார்கள். வரலாற்றறிஞர் டி.டி. கோசாம்பி அந்தக் குவியலை ஆராய்ந்தவர். 2021-இல் கீழடியில், ஏழாம் கட்ட அகழாய்வின்போதும் ஒரு வெள்ளி முத்திரைக் காசு வந்தது. அந்தக் காலத்திலேயே செம்புக் கட்டைக்கு மேல் வெள்ளித் தகடு போர்த்திய போலி முத்திரைக் காசுகள் நாட்டின் பல இடங்களில் புழங்கியிருக்கின்றன. 1898-இல் புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்த 501 ரோமானியத் தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில் மன்னன் முகத்தின் குறுக்கே உளி வெட்டு. ஏன் வெட்டினார்கள் என்பதில் அறிஞர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. உள்ளே தங்கம்தானா என்று பார்த்தார்கள் என்பது ஒரு விளக்கம். பத்தருக்கு இந்த விளக்கம்தான் பிடிக்கும்.

இந்தப் பெருமையை விற்பவர்களும் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் கவலை. ‘கீழடிக் காசு’, ‘பாண்டியன் மீன் காசு’, ‘திருமலை நாயக்கர் வெள்ளி’ என்று கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் யாராவது உள்ளங்கையைத் திறந்து காட்டினால், ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மதுரை நாயக்கர்கள் அடித்தது பெரும்பாலும் செம்புக் காசு. கீழடியில் கிடைத்தது அரசின் வசம் இருக்கிறது. வெளியே விற்பனைக்கு இருப்பது ஒன்று போலி, அல்லது திருட்டு.

கடைக்கால் தோண்டியபோது கிடைத்ததாம்

ஊருக்கு ஊர் இந்தக் கதையின் வேஷம் மாறும், கரு மாறாது. கட்டட வேலை செய்பவர்கள் இருவர் வருவார்கள். பழைய வீட்டை இடித்தபோது பானை கிடைத்தது, வெளியே சொன்னால் போலீஸ் வரும், நீங்கள் நல்ல மனிதர் மாதிரி தெரிகிறது. இரண்டு காசைக் கையில் கொடுத்து, “கடைல குடுத்துச் சோதிச்சுப் பாருங்கண்ணே” என்பார்கள். சோதித்தால் அசல். தராசில் அசல், தண்ணீரில் அசல், பத்தர் காதில் அசல். ஒரு வாரம் கழித்து, ஊருக்கு வெளியே பைபாஸ் ரோட்டோரம், லட்சக்கணக்கில் பணம் கைமாறும். பானைக்குள் இருப்பது பித்தளை.

சோதனைக்குக் கொடுக்கும் காசு எப்போதும் அசலாகத்தான் இருக்கும். மேலே சொன்ன அத்தனை சோதனைகளும் இந்த ஒரு தந்திரத்தின் முன் தோற்றுப்போகின்றன. ஏமாந்தவர் போலீசுக்கும் போவதில்லை. புதையலை மறைத்து வாங்கப் போனேன் என்று எப்படிப் புகார் எழுதுவது? அந்த வெட்கத்தைக் கணக்குப் போட்டுத்தான் கதையே எழுதப்பட்டிருக்கிறது.

செல்போனில் வரும் வேஷம் வேறு. ‘உங்கள் பழைய காசுக்கு 10 லட்சம், ரிசர்வ் வங்கி ஒப்புதலோடு’ என்று வரும். விற்கத்தானே போகிறோம், நமக்கென்ன நஷ்டம் என்று தோன்றும். பதிவுக் கட்டணம், ஜி.எஸ்.டி., கமிஷன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிவிட்டு எண் அணைந்துபோகும். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளிப்படையாகவே எச்சரித்தது: இப்படிப்பட்ட வியாபாரத்தில் வங்கி ஈடுபடுவதில்லை, எந்தக் கட்டணமும் கேட்பதில்லை, யாருக்கும் தன் பெயரில் கேட்க அதிகாரம் கொடுக்கவும் இல்லை.

அசலைப் போலி ஆக்குபவர்கள்

போலி வாங்கி ஏமாறுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அசலை விற்று ஏமாறுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. எண்ணிக்கையில் அதுதான் அதிகம் என்பது நம் சந்தேகம்.

கிராமத்துத் தெருவில் ‘பழைய வெள்ளி வாங்குறோம்’ என்று வருபவர் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயைக் கையில் எடுத்து, “ஜார்ஜ் காசும்மா, பாதிதான் வெள்ளி” என்பார். ஜார்ஜ் இருவர் என்பது பாட்டிக்குத் தெரியாது. தாடி வைத்த ஜார்ஜின் காசைத் தாடி இல்லாத ஜார்ஜின் கணக்கில் வாங்கிக்கொண்டு போனால், காசுக்கு 4.86 கிராம் வெள்ளி அவருக்குச் சும்மா. கிராம் 200 ரூபாய் என்று போட்டாலே காசுக்கு ஆயிரத்தை ஒட்டிய நஷ்டம். இருபது காசு விற்ற குடும்பத்துக்கு அது பிள்ளையின் ஒரு பருவக் கல்லூரிக் கட்டணம்.

அடுத்தது விபூதி. நம் வீடுகளில் வெள்ளிச் சாமானைத் துலக்கத் திருநீறுதான் வழக்கம். குத்துவிளக்குக்குச் சரி. நூறு வருடக் காசை விபூதி போட்டுத் தேய்த்தால் மேல்பரப்பெல்லாம் மயிரிழைக் கீறல். விற்கப் போகும் முன் ‘பளிச்சுனு’ ஆக்கிக்கொண்டு போகிறவர்கள், சேகரிப்பாளர் தரக்கூடிய விலையைத் தங்கள் கையாலேயே தேய்த்துவிடுகிறார்கள். புளியும் எலுமிச்சையும் அதே கதைதான். மாலையில் கோக்க வளையம் பற்றவைத்துப் பிறகு அறுத்தெடுத்த காசுக்கும் இதே கதி. உலோக விலைக்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

அடகுக் கடைகளின் கவலை வேறு. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகள் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் வெள்ளியின் மேல் கடன் தருவதை முறைப்படுத்தின. 2026 ஏப்ரல் 1-ஆம் தேதிக்குள் அமலாக வேண்டிய இந்த விதிகளின்படி, ஒருவர் வெள்ளி நகையாக 10 கிலோ வரை, காசாக 500 கிராம் வரை அடகு வைக்கலாம். 500 கிராம் என்றால் 42 ரூபாய்க் காசு. மதிப்பீட்டாளர் ஒவ்வொன்றையும் தண்ணீரில் முக்கவா போகிறார்? மேலோட்டமாகப் பார்த்து, எல்லாவற்றுக்கும் குறைந்த டச் போடுவார். போலிகள் பெருகினால் அசல் வைத்திருப்பவரின் கடன் தொகையும் குறையும். வங்கி விதிக்கு வெளியே இருக்கிற தெருமுனை வட்டிக்கடையில் இது இன்னும் கறாராக நடக்கும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய இழப்பு உருக்குதல். பத்தர் சரியான விலை கொடுத்து வாங்கிய அசல் காசுகூட மாலைக்குள் மூசைக்குப் போகலாம். கொலுசாகவோ கட்டியாகவோ திரும்பும். இந்த உருக்கலுக்குப் பழைய வரலாறு உண்டு. 1918-இல் இந்தியாவில் வெள்ளித் தட்டுப்பாடு வந்தபோது, அமெரிக்கா பிட்மன் சட்டம் போட்டுத் தன் வெள்ளி டாலர்களில் சுமார் 26 கோடியை உருக்கி பிரிட்டனுக்கு விற்றது. அந்த வெள்ளி இங்கே ரூபாயானது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா மறுபடியும் 22.6 கோடி அவுன்ஸ் வெள்ளியை இந்தியாவுக்குக் கடனாகக் கொடுத்தது. அதைத் திருப்பிக் கொடுக்க, புழக்கத்திலிருந்து திரும்பப் பெற்ற ரூபாய்களை உருக்கிக் கப்பலேற்றினார்கள். அரசு கேட்டும் கொடுக்காமல் நம் பாட்டிமார் பதுக்கியதுதான் இன்றைக்குச் சொம்பில் இருப்பது. சட்டப்படி தப்பு, நாணய வரலாற்றுக்கு உபகாரம்.

சட்டம் எங்கே நிற்கிறது?

புழக்கத்தில் இல்லாத காசைப் போலியாக அடித்தால் என்ன குற்றம் என்று கேட்பவர்கள் உண்டு. 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 230-ஆம் பிரிவு இதை யோசித்திருந்தது. பணமாகச் செல்லாமல் போன அரசு நாணயமும் நாணயமே என்றது. அப்படிச் செல்லாமல் போன பரூக்காபாத் ரூபாயை உதாரணமாகக் காட்டியது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் கள்ள நாணயத்துக்கு 178-ஆம் பிரிவு. ஆயுள் தண்டனை வரை போகும். போலிக் காசை அசல் என்று தள்ளிவிடுவதற்கு 318, ஏமாற்றுதல். வாங்கியபோது ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வாங்கியிருந்தால்தான் புகாருக்கு வலு இருக்கும். திருவிழாக் கடையில் யார் சீட்டுக் கேட்கிறார்கள்?

நல்ல எண்ணத்தில் சட்டத்தை மீறுபவர்களும் இருக்கிறார்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் கடந்த நாணயம் தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை. கழுத்து நிறைய ராணிக் காசு கோத்துப் பேத்திக்குப் போட்டு, துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ அனுப்ப நினைக்கிற பாட்டிக்கு இதை யாரும் சொல்வதில்லை. இன்றைய தேதியில் ஐந்தாம் ஜார்ஜின் பெரும்பாலான காசுகள் இந்த வரம்புக்குள் வந்துவிட்டன.

■ பெட்டி: உண்மையிலேயே புதையல் கிடைத்தால்

1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைப்பதன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் எல்லாம் போச்சு என்ற பயம் பாதிதான் சரி. உரிமையாளர் யாருமில்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. அரசு எடுத்துக்கொள்வதாக இருந்தால் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூடுதலாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், வழக்கும் வரும்.

விற்கத்தான் வேண்டுமென்றால்

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிக் காட்டாதீர்கள். முதல் நாள் வீட்டிலேயே தலை, ஆண்டு பார்த்து மூன்று கூறாகப் பிரியுங்கள்: 91.7, பாதி, நிக்கல். ஒவ்வொன்றையும் எடை போட்டு எழுதி, இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் காசு மாறிப்போகும் பேச்சுக்கு அப்போது வழியிருக்காது. கூர்மையாக இருக்கும் காசுகளையும் 1835, 1840, 1911, 1939 போன்ற ஆண்டுகளையும் தனியே எடுத்து, நாணயக் கண்காட்சியிலோ சேகரிப்பாளரிடமோ முதலில் காட்டுங்கள். தேய்ந்து மழுங்கியதை மட்டும் நகைக்கடைக்குக் கொண்டுபோங்கள். இரண்டு கடையிலாவது கேளுங்கள். டச் எவ்வளவு, கழிவு எவ்வளவு என்று எழுதிக் கொடுக்காத கடையில் காசைப் பலகை மேல் வைக்க வேண்டாம். உரைகல்லில் தேய்க்கவோ திராவகம் விடவோ விடாதீர்கள். அந்தத் தழும்போடு அடுத்த கடைக்குப் போனால், “ஏற்கனவே சோதிச்சு விட்டுட்டாங்க போலயே” என்றுதான் பேரம் தொடங்கும்.